மூன்று கதிரை அருளம்பலம்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது அருளம்பலம் மாஸ்டரிடம் மூன்று கதிரைகள் இருந்தன. மூன்றும் அரசாங்கக் கதிரைகள். சம்பளம் என்னவோ ஒன்றுதான்.

இதைக் கேட்டு அவரைப் பதவி ஆசை பிடித்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் கேட்டு வாங்கியது ஒரேயொரு கதிரையைத்தான். துறைக்கு அப்பால், குறிஞ்சாக்கேணியையும் தாண்டிப் போனால் வரும் புன்னையடி வித்தியாலயத்தின் அதிபர் கதிரை அது. மற்ற இரண்டையும் யுத்தம் கொண்டுவந்து அவர் தலையில் கட்டியது. கோட்டக் கல்வி அதிகாரியாக இருந்தவர் மகனைப் பார்க்கக் கனடாவுக்குப் போனார், போனவர் போனவர்தான். வலய அலுவலகத்தில் ஆசிரியர்களைப் பள்ளிக்கூடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் திட்டமிடல் அதிகாரி கொழும்புக்கு மாற்றம் எடுத்துக்கொண்டார். அவருடைய இடத்துக்கு வர இருந்தவரோ, இடம் திருகோணமலை என்று அறிந்த மறுநாளே வைத்தியரின் துண்டு ஒன்றை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். ஆள் இல்லாத கதிரையில், ஆள் வரும்வரை, கிட்ட நிற்பவரைப் பிடித்து இருத்துவதற்கு 'பதில் கடமை' என்று பெயர். அருளம்பலம் எப்போதும் கிட்டவே நிற்பவர்.

ஆகவே அவருடைய கிழமை இப்படிப் பிரிந்தது. திங்கள், செவ்வாய், புதன் புன்னையடியில் அதிபர். வியாழன் கோட்ட அதிகாரி. அந்த அலுவலகமும் குழப்பத்தில் இடம்பெயர்ந்து, பட்டணத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வலயத்தில் திட்டமிடல் அதிகாரி. மூன்று பதவிக்கும் மூன்று சீல்கள். மூன்றையும் மூன்று பிஸ்கற் பேணிகளில் போட்டு ஒரே பையில் கொண்டு திரிந்தார். எந்தக் கதிரையில் இருக்கிறாரோ, அந்தச் சீல் மட்டும்தான் மேசைக்கு வரும். மற்ற இரண்டும் பேணிக்குள் மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும்.

இந்த நாட்டில் கல்வி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் பள்ளிக்கூடம். அதற்கு மேல் கோட்டம். கோட்டத்துக்கு மேல் வலயம், வலயத்துக்கு மேல் மாகாணம், எல்லாவற்றுக்கும் மேலே கொழும்பில் அமைச்சு. கீழே இருப்பவர் மேலே ஒன்று கேட்பதானால், கடிதம் ஒவ்வொரு படியிலும் ஏறித்தான் போக வேண்டும். அதற்காகக் கடிதத்தின் தலையில் 'ஊடாக' என்று போட்டு, இடையில் உள்ள ஒவ்வொருவரின் பதவியையும் எழுதுவார்கள். ஒரு படியைத் தாண்டினாலும் கடிதம் வந்த வழியே திரும்பி வரும். இந்த ஏணியை அருளம்பலம் கோயில் படிபோல மதித்தார். மற்றவர்கள் அதில் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தார்கள்.

தை மாதம் புன்னையடியின் கணித ஆசிரியர் கலியாணம் கட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். பதினோராம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். மார்கழியில் அவர்களுக்குச் சாதாரண தரச் சோதனை. கணிதத்தில் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது, அதோடு பள்ளிக்கூடக் கதை முடிந்தது. மற்ற எல்லாப் பாடத்தையும் யாராவது பார்த்துப் படித்துக் கொடுக்கலாம். கணிதத்தை அப்படிக் கொடுக்க முடியவில்லை. தமிழ் ஆசிரியர் ஒருநாள் துணிந்து கேத்திர கணிதம் படிப்பிக்கப் போய், வட்டம் கீறும்வரை நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

அருளம்பலம் அன்றே கடிதம் எழுதினார். புன்னையடி அதிபர், கணித ஆசிரியர் ஒருவரைத் தரும்படி, கோட்டக் கல்வி அதிகாரி ஊடாக, வலயத் திட்டமிடல் அதிகாரிக்கு எழுதிக்கொள்வது. அதாவது, அருளம்பலம், அருளம்பலம் ஊடாக, அருளம்பலத்துக்கு. கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அவர் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, கோட்ட அலுவலகத்துப் பியோன் தவராசா அந்தக் கடிதத்தை மேசையில் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் போகாமல் நின்றார்.

"சேர், இது உங்கடை எழுத்தெல்லோ?"

"எழுத்து என்ரை. கடிதம் புன்னையடி அதிபற்றை."

"ரெண்டும் நீங்கள்தானே சேர்?"

"ஆள் ஒண்டு. கதிரை வேறை, தவராசா."

தவராசா அந்தக் கதிரையை ஒருதரம் பார்த்தார். ஒரு கால் ஆடும், பின்னலும் தொய்ந்துபோன சாதாரணக் கதிரைதான். அருளம்பலமோ கண்ணாடியைப் போட்டு, அந்தக் கடிதத்தை இப்போதுதான் முதல்முறை காண்பவர்போல் மேலிருந்து கீழே வாசித்தார். வாசித்து முடிக்கப் பிழை ஒன்று அகப்பட்டது. எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்தப் பாடம் என்று காட்டும் பாடசாலை நேரசூசி இணைக்கப்படவில்லை. உடனே 'நேரசூசியுடன் மீளச் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிச் சீலைக் குத்தித் திருப்பி அனுப்பினார்.

அடுத்த கிழமை அது புன்னையடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பிள்ளையளுக்கு வாத்தி இல்லை எண்டு கேட்டால் இவங்களுக்கு நேரசூசி வேணுமாம்!" என்று கடிதத்தை மேசையில் அடித்தார். உதவி அதிபர் புஸ்பராணி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது நடிப்பில்லை. அதிபர் கதிரையில் இருக்கும்போது அவருக்கு மேலிடத்தின்மேல் உண்மையாகவே எரிச்சல் வந்தது. மேலிடத்தில் இருக்கும்போது அதிபர்களின் கவலையீனத்தில் உண்மையாகவே சலிப்பு வந்தது. மனுசன் அப்படி.

நேரசூசி போனது. கோட்டம் சிபாரிசு செய்தது. பங்குனி கடைசியில் வலயத்தில் பட்டியல் போடும் நாள் வந்தது. கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் பதினொன்று. புதிதாக நியமனம் பெற்று வந்த கணித ஆசிரியர்கள் நாலு பேர். சோதனைக்குத் தோற்றும் பிள்ளைகளின் தொகை, ஆசிரியர் இல்லாமல் கழிந்த காலம், இரண்டையும் வைத்து அருளம்பலம் ஒரு முறை போட்டு, அந்த முறைப்படி பட்டியலை எழுதினார். புன்னையடி ஏழாவதாக வந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்த வலயப் பணிப்பாளர் ஞானசேகரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் மாஸ்டர், ஏழாவதை நாலாவதாக்கினால் ஆர் கேக்கப் போகினம்?"

"நாலாவதாய் நிக்கிற பள்ளிக்கூடம் கேக்கும், சேர்."

ஞானசேகரம் கையெழுத்து வைத்தார். அருளம்பலம் சொன்னது சரிதான். அவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும். அதுதான் அவரோடு மாரடிப்பவர்களுக்குப் பெரிய வில்லங்கம்.

'தற்போதைக்கு வழங்க முடியாமைக்கு வருந்துகிறேன்' என்ற கடிதம் புன்னையடிக்கு வந்த அன்று, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பாக்கியரத்தினம் அதிபர் அறையில் இருந்தார். இரண்டு ஏக்கர் வயலும் நான்கு பெண்பிள்ளைகளும் உள்ள மனிதர். மூத்தவள் மூன்று வருடத்துக்கு முன் இதே பள்ளிக்கூடத்தில் கணிதம் தவறி, அன்றிலிருந்து வீட்டில் இருந்தாள். இரண்டாவது மகள் இப்போது பதினோராம் வகுப்பு. அவர் கிழமைக்கு ஒருதரம் வந்து, கணித வாத்தியார் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போவார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து வெறும் கிறுக்கல். பதவி மட்டும் தெளிவாக விளங்கியது.

"இந்தத் திட்டமிடல் ஐயாவை நான் நேரிலை கண்டு கதைக்கவேணும், சேர். என்ன நாளிலை இருப்பார்?"

"வெள்ளிக்கிழமை," என்றார் அருளம்பலம்.

வெள்ளிக்கிழமை பாக்கியரத்தினம் வெள்ளை வேட்டி கட்டி, முறைப்பாட்டை இரண்டு பிரதி எழுதி, துறை கடந்து, இரண்டு இராணுவச் சென்றியில் சோதனைக்கு இறங்கி ஏறி, பதினொரு மணிக்கு வலய அலுவலகம் வந்து சேர்ந்தார். திட்டமிடல் அறை எது என்று விசாரித்துக் கதவைத் தள்ளினார். மேசைக்கு அப்பால் அதிபர் இருந்தார்.

"சேர், நீங்களும் அவரைக் காணத்தானோ வந்தனீங்கள்?"

"இல்லை. இருங்கோ, பாக்கியரத்தினம்."

"அப்ப அவர் எங்கை?"

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

பாக்கியரத்தினம் கதிரையில் இருந்தார். கையிலிருந்த முறைப்பாட்டை ஒருதரம் வாசித்தார். அவரை ஒருதரம் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"உங்களைப் பற்றி உங்களிட்டையே முறையிட வந்திருக்கிறன் போலை. உங்களுக்கு ஆசிரியர் தர ஏலாது எண்டு உங்களுக்கே எழுதினனீங்களோ?"

அருளம்பலம் பட்டியலை எடுத்து விரித்து, முறையை விளங்கப்படுத்தினார். ஏன் ஏழு, ஏன் நாலு, முன்னுக்கு நிற்கும் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விரல் வைத்துக் காட்டினார். பாக்கியரத்தினம் நியாயம் தெரிந்த மனிதர். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சேர். பிள்ளையளுக்கு என்ன வழி?" என்றார்.

அருளம்பலம் பட்டியலை மடித்தார்.

"உங்கடை வீட்டம்மா ரவுணிலை கணிதம்தானே படிப்பிக்கிறா? அங்கை கணிதத்துக்கு நாலு பேராம். மூண்டு பேரே காணுமாமே."

"அது தேசியப் பாடசாலை, பாக்கியரத்தினம். நேரை கொழும்பு அமைச்சுக்குக் கீழை. எங்களுக்கு அதுக்குள்ளை கை வைக்க ஏலாது. அவ எங்கடை வலயத்து ஆளே இல்லை, கொழும்பு ஆள்."

"கொழும்பு ஆளோ?" பாக்கியரத்தினம் எழும்பி வேட்டியைச் சரிசெய்தார். "அப்ப ஓர்ஸ் ஹில் வீட்டிலை உங்களுக்குச் சமைச்சுத் தாறது ஆர், சேர்?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இரண்டு கிளாக்கர்கள் அவசரமாகக் கோவைகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

கேட்டால் என்ன என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும். ஒரே வீடு, ஒரே குசினி, பின்னேரம் ஒரே தேநீர். மனைவியிடம் 'பூரணி, ஒரு சின்ன உதவி' என்று தொடங்கினால் முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் சண்டை திரும்பத் தொடங்கிய மாதம், இருவருமாக ஒரு கலியாண வீட்டுக்குத் துறை கடந்து போய், அந்தக் கரையிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சியிருக்கவில்லை. கொழும்பில் மாமன் வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்த மகனோ, தாயும் தகப்பனும் செத்துப்போனார்கள் என்றே நினைத்திருந்தான். அன்று பூரணி சொன்னது: "இனி ஒராள் அங்காலை எண்டால் ஒராள் இஞ்சாலை." இருவரும் ஒன்றாகத் துறை கடப்பதில்லை என்ற அந்தச் சட்டம் பத்து வருடமாக மாறவில்லை. அருளம்பலம் அங்காலை, பூரணி இஞ்சாலை.

அந்தக் கரைக்குப் பாலம் கிடையாது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடவையைக் கடக்கும் தட்டையான மிதவை ஒன்றுதான் உண்டு. இந்தப் பக்கத்துச் சனம் அதைப் 'பாதை' என்று சொல்லும். நேவி மறித்தால் பாதை நிற்கும். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாதையில் ஏறு என்று பூரணியிடம் சொல்ல அருளம்பலத்துக்கு வாய் எழவில்லை. எழுத்து எழுந்தது.

சித்திரை மாதம் அவர் எழுதினார். புன்னையடி அதிபர், கோட்ட அதிகாரி ஊடாக, வலயப் பணிப்பாளர் ஊடாக, மாகாணக் கல்விப் பணிப்பாளர் ஊடாக, கொழும்பு அமைச்சின் செயலாளருக்கு: பட்டணத்துத் தேசியப் பாடசாலையில் மேலதிகமாகவுள்ள கணித ஆசிரியர் ஒருவரை, அவரது விருப்பத்துடன், மார்கழி வரை தற்காலிக இணைப்பில் தந்துதவுமாறு. பெயர் எழுதவில்லை. நாலு பேரில் யாராகவும் இருக்கலாமே! அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மற்ற மூவரில் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி, ஒருவர் அடுத்த வருடம் ஓய்வுபெற இருந்தவர், மூன்றாமவர் பாதையைத் தூரத்தில் கண்டாலே தலைசுற்றுபவர் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடிதம் தமிழில் ஏறியது. மாகாணத்தில் ஆங்கிலத்தில் ஒரு போர்வை போர்த்திக்கொண்டது. கொழும்பில் யார் யாரோ மேசையில் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் நித்திரை கொண்டது. அந்த இரண்டு மாதமும் அருளம்பலம் பின்னேரங்களில் பூரணியின் முகத்தைக் கள்ளமாகப் பார்த்தார். அவள் பள்ளிக்கூடப் பையை வைக்கும் விதத்தை, தேநீரை ஆற்றும் விதத்தை எல்லாம் கவனித்தார். அவளும் கண்டுகொள்ளாமல் இல்லை. "என்ன, என்னிலை பிழை தேடுறியளோ? நேரசூசி கீரசூசி தரவேணுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். தவராசாவின் மனைவியும் அவளும் ஒரே சங்கக்கடையில்தான் சாமான் வாங்கினார்கள். ஆகவே பட்டணத்தில் அந்த நேரசூசிக் கதை தெரியாத வீடே இல்லை.

ஆடி நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் பூரணி நீளக் கடித உறை ஒன்றோடு குசினிக்குள் வந்தாள். அருளம்பலம் சீனிப்போத்தலைக் கையில் வைத்தபடி நின்றார்.

"எங்கடை பிரின்ஸிபல் தந்தவ. கொழும்பிலை இருந்து வந்ததாம். முழுக்கச் சிங்களம். எனக்கு விளங்கேல்லை. நீங்கள்தானே சிங்களச் சோதினை பாஸ் பண்ணின ஆள், வாசிச்சுச் சொல்லுங்கோ."

பூரணிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதது உண்மை. பள்ளிக்கூடத்தில் அதை வாசித்துச் சொல்ல மூன்று பேர் இருந்ததும் உண்மை. அருளம்பலம் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடி, அது நெற்றியிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, மெல்ல மெல்லத் தமிழாக்கினார்.

"புன்னையடி வித்தியாலயத்தின் தேவை கருதி... மேற்படி ஆசிரியை விரும்பும் பட்சத்தில்... இவ்வருடம் டிசெம்பர் முப்பத்தோராம் திகதி வரை..."

"மேற்படி ஆசிரியை எண்டால்?"

"நீர்."

"என்ரை பேர் கிடக்கோ?"

"உங்கடை பிரின்ஸிபல் போட்டு நிரப்பியிருக்கிறா. மற்ற மூண்டு பேருக்கும்..."

"தெரியும். சரி, கேக்கிறது ஆர்?"

"அமைச்சின் செயலாளருக்காக... ஒரு மேலதிகச் செயலாளர் ஒப்பம் வைச்சிருக்கிறார்."

"அவருக்குப் புன்னையடி எங்கை கிடக்கு எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"பாதை எண்டால் என்ன எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப கேக்கிறது ஆர்?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துத் தளதளத்தது. இருவரும் அதை இறக்கவில்லை.

"நான்தான்," என்றார் அருளம்பலம்.

"இந்தக் குசினிக்கை இருந்துகொண்டு, கொழும்பைச் சுத்தி வந்தோ என்னைக் கேக்கிறியள்?" பூரணிக்கு இப்போது உண்மையாகவே கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது. "முப்பது பேருக்கு முன்னாலை, ஸ்ராஃப் ரூமிலை வைச்சு எனக்கு இந்தக் கடிதத்தைத் தந்தவ. உங்கடை மனுசன் உங்களுக்கு எழுதியிருக்கிறார் எண்டு எல்லாரும் சிரிக்கினம். வாய் இருக்கெல்லோ உங்களுக்கு? ஏன் கேக்கேல்லை?"

அருளம்பலம் சீனிப்போத்தலைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்கு மூன்று பேணியிலும் சீல் இருக்கவில்லை.

"பயம், பூரணி. கடிதத்திலை கேட்டால், நீர் போனாலும் அரசாங்கம் அனுப்பினது எண்டு இருக்கும். வாயாலை கேட்டால், நான் அனுப்பினது. அந்தப் பாதையிலை உமக்கு ஏதும் ஒண்டு நடந்தால் நான் ஆரிட்டைப் போய் முறையிடுறது?"

பூரணி தண்ணீரை இறக்கினாள். தேயிலை போட்டாள். கோபம் முற்றாகப் போகவில்லை, ஆனால் அது இருந்த இடத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இப்ப கேளுங்கோ."

"என்ன?"

"வாயாலை கேளுங்கோ."

அருளம்பலத்துக்கு ஐம்பத்தொரு வயது. ஆயிரம் கடிதம் எழுதியிருப்பார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு வியர்த்துவிட்டது. "புன்னையடியிலை இருபத்தாறு பிள்ளையள். மார்கழியிலை சோதினை. வந்து படிப்பிச்சுத் தருவீரோ?"

"நீங்கள் என்னென்ன நாளிலை அங்காலை?"

"திங்கள், செவ்வாய், புதன்."

"அப்ப வியாழனும் வெள்ளியும் நான் போறன். நீங்கள் இஞ்சாலை இருப்பியள்தானே. சட்டமும் நிக்கும், பிள்ளையளும் படிக்குங்கள். நாளுக்கு நாலு பாடம் தந்தால் காணும்." அவள் தேநீரை அவர் முன் வைத்தாள். "இதைத் தை மாதமே கேட்டிருந்தால் இந்நேரம் அட்சர கணிதம் முடிச்சிருப்பன்."

ஆறு மாதமாக ஐந்து படிகளில் ஏறி இறங்கிய காரியத்தைப் பூரணி ஒரு தேநீர் ஊறும் நேரத்துக்குள் முடித்துவிட்டாள். அருளம்பலம் அசடு வழிய அந்தத் தேநீரைக் குடித்தார். அதில் சீனி போட இருவரும் மறந்துபோயிருந்தார்கள்.

முதல் வியாழக்கிழமை அவள் விடிய ஆறு மணி பஸ்ஸில் போனாள். அருளம்பலம் கோட்ட அலுவலகத்தில் இருந்தார். இருந்தார் என்பது பேச்சுக்குத்தான். ஒரே கடிதத்தில் இரண்டு முறை சீல் குத்தினார். இரண்டு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, துறையடியில் வந்து இறங்கினார். பாதை மூன்று மணிக்கு வர வேண்டும்.

மூன்று மணிக்குப் பாதை வரவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஏதோ வெடித்த சத்தமாம், நேவி மறித்துவிட்டதாம் என்றார்கள். அக்கரையில் பாதை அப்படியே கட்டிக் கிடப்பது தெரிந்தது. அதில் நிற்பவர்களின் உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அருளம்பலம் கரைக்குப் போனார், வந்தார், திரும்பவும் போனார். சென்றியில் நின்ற பெடியன் அவரைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினான். தேநீர்க் கடை முத்தலிப் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இஞ்ச வந்து இருங்க. நடந்தா பாதை வெள்ளன வந்திருமா?"

அருளம்பலம் கடை வாசலில் கிடந்த நீள வாங்கில் வந்து இருந்தார். முத்தலிப் தேநீர் கொடுத்தார். பிறகு இன்னொன்று கொடுத்தார்.

"டீச்சர் உங்களப் போல நடக்க மாட்டா. வந்தா ஒரே இருப்புத்தான்."

"எந்த டீச்சர்?"

"உங்கட டீச்சர்தான். பாதைய மறிச்சிட்டாங்க எண்டு ரவுணுக்குக் கத போன உடனே வந்திருவா. இந்த வாங்கிலதான் இருப்பா. பாதை அங்கால கிளம்பிறதக் கண்டதும் எழும்பி, உங்களுக்கு முன் பஸ்ஸில ஏறிப் போயிருவா." அப்போதுதான் முத்தலிப்புக்கு ஏதோ உறைத்தது. "ஒங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்?"

அருளம்பலத்துக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குப் போகும்போது பூரணி குசினிக்குள் நிற்பாள். வந்திட்டியளோ, இண்டைக்கும் மறிச்சவங்களோ என்று திரும்பிப் பார்க்காமல் கேட்பாள். அவர் எத்தனை மணித்தியாலம் அக்கரையில் நின்றார், எப்படி வெயிலில் காய்ந்தார் என்றெல்லாம் சொல்லச் சொல்ல, பாவம் பாவம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். பத்து வருடம். பாதை நின்ற நாட்களை அவர் மனதுக்குள் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, இடையில் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது தேநீர் ஆறிப்போனது.

ஐந்து மணிக்குப் பாதை அசைந்தது. எழும்பி முன் பஸ்ஸில் போய்விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் அவருக்கும் வந்தது. போகவில்லை.

பூரணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்குதுறைப் பலகையில் கவனமாகக் கால் வைத்து இறங்கினாள். உள்ளங்கை முழுக்க வெண்கட்டித் தூள். அவரைக் கண்டதும் நின்றாள்.

"எவ்வளவு நேரமாய் நிக்கிறியள்?"

"இப்பதான் வந்தனான்."

கடைக்குள்ளிருந்து முத்தலிப் மூன்று கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

"நாளைக்குப் போகவேண்டாம், பூரணி," என்றார் அருளம்பலம். "நான் ஞானசேகரத்தாரோடை கதைச்சு வேறை ஆளைப் பாக்கிறன். பட்டியலைத் திருத்துறன்."

"நீங்கள் பட்டியலைத் திருத்துவியளோ?"

"ஓம்."

பூரணி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலியும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "நாலாவதாய் நிக்கிற பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லுவியள்? பேசாமல் இருங்கோ. பாக்கியரத்தினத்தாற்றை பிள்ளை வீதக் கணக்கெல்லாம் தானாய்ப் படிச்சு வைச்சிருக்கு. சமன்பாடுதான் தெரியாது. நாளைக்குத் தொடங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இப்ப அது என்ரை வகுப்பு."

அவள் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். முத்தலிப் தேநீர் கொண்டுவந்தார். அருளம்பலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்குப் பிறகு இந்த மூலையிலை வெயில் நேரை முகத்திலை அடிக்கும்," என்றாள் பூரணி, கிளாஸை ஊதிக்கொண்டு. "நாளைக்கு வாங்கின்ரை அந்தத் தலைப்பிலை இருங்கோ. தூணின்ரை நிழல் அதிலைதான் விழும்."